ஒட்டுத் தையலா, அச்சுத் தையலா?

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைப்பவரிடம் அறுந்த வாரைக் கொடுத்தேன். இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து நான்கு தையல் போட்டார்; வார் ஒரு நூல் குறைந்துவிட்டது. ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) தயாரிக்கும் வெள்ளையணுவான பி செல்லுக்குள் அறுந்த டிஎன்ஏவை கு (Ku) புரதங்களும் லிகேஸ் 4 என்ற நொதியும் ஒட்டுவது ஏறக்குறைய இப்படித்தான். வேகம் முக்கியம், ஓரிரு டிஎன்ஏ எழுத்து போனால் போகட்டும்.

இன்னொரு வழி, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் அச்சு வைத்துத் தோல் வெட்டுவதுபோல. பிஆர்சிஏ1, ஆர்ஏடி51 புரதங்கள் செல் பிரிவதற்கு முன் உருவாகும் டிஎன்ஏவின் பக்கத்து நகலைப் பார்த்து எழுத்து மாறாமல் சரிசெய்யும். ஆனால் நகல் உருவான பிறகுதான் இது முடியும்.

சரி, இரண்டாவதுதானே மேல்? பி செல்லில் அப்படிச் சொல்ல முடியாது. ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி வகையை ஐஜிஜி என்ற வகையாக மாற்ற, ஏஐடி என்ற நொதி செல்லின் சொந்த டிஎன்ஏவிலேயே வெட்டு விழ வைக்கிறது. இரண்டு வெட்டுக்கு நடுவே உள்ள துண்டு போயே ஆக வேண்டும். நகலைப் பார்த்துப் பழையபடி தைத்தால் மாற்றமே நடக்காது! அதனால்தான் 53பிபி1 புரதம் முனைகள் அரிபடாமல் காத்து, முதல் வழிக்கே தள்ளுகிறது. இந்த இடத்தில் என் ஓட்டு ஒட்டுத் தையலுக்குத்தான்.

வம்பு எங்கே என்றால், வேறொரு அறுந்த முனையோடு மாற்றித் தைத்துவிடும்போது. 8-ஆம் குரோமோசோமில் உள்ள, செல் வளர்ச்சியைத் தூண்டும் மிக் (MYC) மரபணு 14-ஆம் குரோமோசோமின் ஆன்டிபாடி மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. பர்கிட் லிம்போமா என்ற பி செல் புற்றுநோயில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.