ஐந்தாவது பெட்டி: ‘இல்லை’ என்பதைக் கற்பிக்கும் ஒரு விளையாட்டுப் பொருள்

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவின்போது கோயிலைச் சூழ அமைந்த தற்காலிகக் கடைகளில் ஒன்றில், ‘இல்லாமை’ என்பதைச் சிறுவருக்கு விளங்கப்படுத்தும் விளையாட்டுப் பெட்டி என்று சொல்லி விற்றதை 4,200 ரூபாவுக்கு வாங்கினேன். மூடியுள்ள பனையோலைப் பெட்டிகள் நான்கும், சிறிய மண்குடம் ஒன்றும், சில பட அட்டைகளும், 12 பக்கக் கைந்நூலும் அதனுள் இருந்தன.

இதனைத் திட்டமிட்டவர் தருக்கம் படித்தவராக இருக்க வேண்டும். முதற் பெட்டியில் களிமண் உருண்டை: குடம் இன்னும் இல்லை. இரண்டாவதில் உடைந்த ஓடுகள்: குடம் இனி இல்லை. மூன்றாவதில் கொம்பு முளைத்த முயலின் படம்: அது எக்காலத்திலும் இல்லை. நான்காவதில் ஒரு துணித்துண்டு: அது குடம் அன்று. தோன்றுமுன் உள்ள இன்மை, அழிந்தபின் உள்ள இன்மை, என்றுமுள்ள இன்மை, ஒன்று மற்றொன்று ஆகாமை என்று பழைய தருக்க நூலார் பகுத்த நான்கையும் நான்கு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும்படி வைத்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். என் பேத்தி முயற்கொம்பைக் கண்டு சிரித்த சிரிப்புக்கே பாதி விலை தகும். ‘இல்லை’ என்பதற்கும் ‘அல்ல’ என்பதற்கும் தமிழிலுள்ள வேறுபாட்டையும் நான்காவது பெட்டி அவளுக்கு இயல்பாகவே உணர்த்திற்று.

ஆனால் உறையில் ‘ஆறு மாதம் முதல்’ என்று அச்சிட்டிருப்பது பிழை. துணியால் மூடிய பொருளைக் குழந்தை ஏறத்தாழ எட்டாம் மாதத்திலிருந்தே தேடத் தொடங்குகிறது என்று குழந்தை உளவியலை ஆராய்ந்த ழான் பியாஜே கண்டார். ஐந்து மாதக் குழந்தைகூட மறைந்த பொருள் அங்கேயே இருப்பதாக எதிர்பார்க்கிறது என்று 1985இல் உளவியலாளர் ரெனே பெய்யார்ஜோனும் அவரோடு ஆய்ந்தவர்களும் காட்டினர். அவ்வயதினர் அறிவது, மறைந்தது இருக்கிறது என்பதை. இப்பெட்டிகள் சொல்வதோ, இல்லாதது எவ்வாறு இல்லை என்பதை. அத்தோடு, வாயில் வைக்கும் வயதினரிடம் ஓட்டுத்துண்டைக் கொடுப்பது ஆபத்தும் ஆகும்.

பெருங்குறை வேறொன்று. பெட்டிகளை வரிசையாக வைத்து விளையாடிய பேத்தி, “அம்மம்மா, அப்பா எந்தப் பெட்டிக்குள்ள?” என்று கேட்டாள். அவளுடைய தகப்பன் கட்டாரில் வேலை செய்கிறார். அவர் இன்னும் தோன்றாதவரும் அல்லர், அழிந்தவரும் அல்லர். இங்கே இல்லை, அவ்வளவுதான். ஓர் இடத்தில் ஒரு காலத்துக்கு மட்டும் உள்ள இவ்வகை இன்மையைத் தருக்க நூலாரிற் சிலர் ஐந்தாவதாக எண்ணியிருக்கிறார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு மாமாவோ சித்தப்பாவோ கைத்தொலைபேசித் திரையில் மட்டும் முகம் காட்டும் யாழ்ப்பாணத்தில் முதலில் வேண்டியதும் அதுதான். நான் ஒரு பழைய பிஸ்கட் ரின்னை எடுத்து, அவர் விட்டுச்சென்ற செருப்பை அதனுள் வைத்து, “செருப்பு இங்க, கால் அங்க” என்றேன். அதை அவள் ஏற்றுக்கொண்டாள்.

கைந்நூலின் ஒன்பதாம் பக்கத்தை நான் ஏற்கவில்லை. இறந்தவரை ‘நீண்ட நித்திரையில் இருக்கிறார்’ என்று பிள்ளையிடம் கூறலாம் என அது எழுதுகிறது. கடந்த ஆண்டு காலமான என் கணவரைப் பற்றி அவ்வாறே சொல்லிப் பார்த்தேன். அன்றிரவு பேத்தி நித்திரைக்குப் போக மறுத்தாள். ‘மோசம் போயிட்டார்’, ‘தவறிட்டார்’ என்று நாம் பேசும் மங்கலச் சொற்களும் பிள்ளைக்கு ஏதோ வீதியில் தொலைந்துபோன செய்தியாகவே கேட்கும். சாவு திரும்பாதது என்பதைப் பெரும்பாலான பிள்ளைகள் ஐந்து வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையிலேயே விளங்கிக்கொள்கிறார்கள். ஆகவே, “தாத்தா எப்ப வருவார்?” என்று திரும்பத் திரும்பக் கேட்பது பிடிவாதமன்று. மறுநாள் இரண்டாவது பெட்டியைத் திறந்து, உடம்பு நின்றுவிட்டது, இனி வரமாட்டார் என்று நேராகச் சொன்னேன். அழுதாள், பிறகு ஓடுகளை எண்ணினாள்.

படத்துக்கு மாலை போடாமல் காத்திருக்கும் வீடுகளும் இங்கே உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவரை எந்தப் பெட்டியில் வைப்பதென்று கைந்நூல் ஒரு வரியும் எழுதவில்லை. பெரியவர்களே பதில் கிடைக்காமல் வீதியில் இருந்து கேட்கும் கேள்வி அது என்பதால், அதை இப்பொருளின் குறையாக எழுத எனக்கு மனமில்லை.

மற்றபடி, சிவப்பு ஓலையின் சாயம் கையில் ஒட்டுகிறது. மூடிகள் சிறு விரல்களுக்கு இறுக்கமானவை. நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையுள்ள வீட்டில், பக்கத்தில் இருந்து பேச ஒருவர் இருப்பாரானால் வாங்கலாம். வாங்குவோர் ஒரு வெற்று ரின்னையும் தேடி வைத்துக்கொள்ளவும். எங்கள் வீட்டில் ஒன்பதாம் பக்கம் இப்போது இல்லை.