இணையவழிப் படிப்பு: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

இணையவழிப் படிப்பில் பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது நாமே செய்து பார்க்கும் பயிற்சிதான். காணொளி அதற்கு முன்னுரை. வேலைக்கு நடுவே புள்ளியியல், பைத்தான் நிரலாக்கம், ஓர் அயல்மொழி, கொஞ்சம் ஓவியம் என்று பல ஆண்டுகள் மாறி மாறிப் படித்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது. விளம்பரங்கள் நேர்மாறாக இருக்கின்றன. பேராசிரியரின் பெயர், பாடம் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதெல்லாம் முகப்பிலேயே இருக்கும். வீட்டுப்பாடம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது.

முதலில் நிறை. பதிவு செய்த பாடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம் என்பது அற்பமாகத் தோன்றும். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தைக் கணக்கிடும்போது எண்களின் எண்ணிக்கையால் வகுக்காமல் ஏன் ஒன்றைக் குறைத்து வகுக்கிறோம் என்பது, கல்லூரியில் 'அதுதான் சூத்திரம்' என்று தாண்டிப்போன இடம். காணொளியில் ஆசிரியர் 2, 4, 9 என்று மூன்று எண்களை எழுதினார். சராசரி 5. விலகல்கள் −3, −1, 4. விலகல்களைக் கூட்டினால் எப்போதும் பூஜ்யம்தான் வரும். ஆகவே முதல் இரண்டு தெரிந்தவுடன் மூன்றாவது தானே முடிவாகிவிடுகிறது. சுதந்திரமாக அசையக்கூடியவை இரண்டுதான். விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 26. அதை 3-ஆல் வகுத்தால் 8.67, 2-ஆல் வகுத்தால் 13. சராசரி இதே மூன்று எண்களிலிருந்து பிறந்ததால் சிதறல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிகிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இரண்டால் வகுக்கிறோம். அந்தச் சில நிமிடங்களை எத்தனை முறை ஓட்டினேனோ தெரியாது. நேரில் ஓர் ஆசிரியரை இப்படிப் படுத்தியிருக்க முடியாது. அவருக்குப் பொறுமை இருந்தாலும் பின்வரிசைக்கு இருந்திருக்காது.

இதே வசதிதான் பொறியும்கூட. நன்றாகச் சொல்லப்பட்ட பாடம் கேட்கும்போதே புரிந்துவிட்டதாகத் தோன்றும். 2019-ல் வெளியான ஓர் ஆய்வு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் நடந்தது. ஒரு பிரிவு மாணவர்கள் சரளமான விரிவுரையைக் கேட்டார்கள். இன்னொரு பிரிவினர் தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டினார்கள். தேர்வு வைத்துப் பார்த்தபோது, மல்லுக்கட்டியவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் அதிகம் கற்றதாக நினைத்தவர்கள் விரிவுரை கேட்டவர்கள். அது நேரடி வகுப்பில் நடந்த ஆய்வு. காணொளிக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே பார்ப்பவரின் முகத்தைப் பார்க்க யாரும் இல்லை.

காணொளி ஆறு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்று பாடம் தயாரிப்பவர்கள் அடிக்கடி சொல்வார்கள். இதற்கு 2014-ல் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை அலசிய ஓர் ஆய்வு ஆதாரம். சிறிய காணொளிகளைத்தான் மக்கள் கடைசிவரை பார்க்கிறார்கள் என்பது சரி. கடைசிவரை பார்ப்பதும் கற்பதும் ஒன்றா? ஒரு கணித நிறுவலை ஐந்து துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் சிறு வினா வைத்தால் இழை அறுந்துவிடுகிறது. கணிதத்துக்கு நாற்பது நிமிட விரிவுரையே எனக்கு உகந்தது.

பாதியில் விடுபவர்கள் அதிகம் என்பதுதான் இந்தக் கல்விமுறை மீது எல்லோரும் வைக்கும் குற்றச்சாட்டு. 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தார்கள், முடித்தவர்கள் இருபதாயிரத்தைச் சற்றுத் தாண்டியவர்களே. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் வழங்கிய பாடங்களைப் பற்றி 2019-ல் வந்த கட்டுரையின்படி 2017-18-ல் பதிவு செய்தோரில் முடித்தவர்கள் 3 சதவீதம்தான். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களிடையே அது 46 சதவீதம். அந்த 3 சதவீதம் என்னைக் கவலைப்பட வைக்கவில்லை. தேவையான இரண்டு அத்தியாயத்தைப் படித்துவிட்டு வெளியேறுகிறவர் தோற்றவர் ஆக மாட்டார். நூலகத்தில் புத்தகத்தை முழுக்க வாசிக்காமல் திருப்பிக் கொடுப்பவரை யாரும் ஏசுவதில்லை. அந்த 46 சதவீதம்தான் கவனிக்க வேண்டியது. கட்டிய பணமும் கெடுவும் ஆளை இழுத்துப் பிடிக்கின்றன. 'உங்கள் வேகத்தில் படிக்கலாம்' என்று தாராளமாக விட்ட பாடங்களில் என் வேகம் சில வாரங்களில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். வாரக் கெடு வைத்தவற்றைத்தான் முடித்திருக்கிறேன்.

பயிற்சிக்கு வருகிறேன். நிரலாக்கத்தில் தானியங்கித் திருத்தம் ஒரு வரம். நள்ளிரவில் விடையை அனுப்பினாலும், எந்த உள்ளீட்டில் நிரல் தவறுகிறது என்று நொடியில் சொல்லிவிடும். ஆசிரியர் தாளைத் திருத்தித் தர ஒரு வாரம் ஆனால் அதற்குள் நமக்கே கேள்வி மறந்துபோகும். அதே திருத்தி 0.333 எதிர்பார்க்கும் இடத்தில் 0.33 போட்டால் முழுத் தவறு என்று தள்ளிவிடும். வழிமுறை சரியா என்று பார்க்க அதற்குத் தெரியாது. கட்டுரை வடிவ விடைகளைச் சக மாணவர்களே மதிப்பிடும் முறை இன்னும் மோசம். பக்கம் பக்கமாக எழுதியதற்கு 'நன்று' என்று ஒரு சொல் வரும்.

ஓவியம் படிப்பதைக் கைவிட்டுவிட்டேன். முடிந்த படத்தைப் பார்த்து ஆசிரியர் கருத்துச் சொல்லலாம். பென்சிலை எப்படி இறுக்கிப் பிடித்தேன், மணிக்கட்டை அசைத்தேனா தோளை அசைத்தேனா என்பது அவர் கண்ணில் படாது. கைக்குப் பழக்கம் வேண்டிய எதற்கும் இதே சிக்கல்தான். திரையில் ஓடும் ஆய்வகப் பாவனையில், திரவத்தைத் துளித்துளியாக அளந்து விடும் பியூரெட் குழாய் ஒருபோதும் ஒழுகுவதில்லை.

நேரலை வகுப்பு தனிக் கதை. 'புரிகிறதா?' என்று ஆசிரியர் கேட்டதும் வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் எழும்பும், அவற்றை நம்பி அவர் அடுத்த பக்கத்துக்குப் போவார். இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவருமே நிறுத்தி, மறுபடி இருவருமே தொடங்குவார்கள். நாலைந்து பேர் மட்டும் இருந்த அயல்மொழி வகுப்பு இதற்கு விதிவிலக்கு, அங்கே ஒளிய இடமில்லை. திரையில் நம் முகமே நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது களைப்புக்கு ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டின் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் எழுதினார். சொந்தப் படத்தை மறைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. மறைத்துவிட்டு உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும்.

இவையெல்லாம் தானே விரும்பிப் படிக்கும் ஒரு பெரியவரின் கணக்கு. குழந்தைகளுக்கு இதை அப்படியே நீட்டக் கூடாது. 2020-ல் பள்ளிகள் மூடியபோது தொலைநிலைக் கல்வி எந்த வடிவிலும் எட்டாமல் போன பிள்ளைகள் குறைந்தது 46.3 கோடி என்று யுனிசெஃப் கணக்கிட்டது. எட்டிய வீடுகளிலும் சிறு பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டியிருந்தது. அவர் வேலைக்குப் போகிறவராக இருந்தால் வகுப்பு பெயருக்குத்தான்.

ஒரு குறை இன்னும் ஆறவில்லை. ஒரு தளத்தில் சந்தா முடிந்த அன்றே நான் எழுதி அனுப்பிய நிரல்களும் குறிப்புகளும் பூட்டப்பட்டுவிட்டன. பாடம் அவர்களுடையது, சரி. விடைகள் என்னுடையவை அல்லவா? அதற்குப் பிறகு விடைகளை என் கணினியில் எழுதிச் சேமித்துவிட்டுத்தான் தளத்தில் ஒட்டுகிறேன்.

புதிதாகச் சேரப் போகிறவர்கள், இலவசமாகப் பார்க்க விடும் நாட்களில் முதல் காணொளியில் மயங்க வேண்டாம். நேராக மூன்றாம் வாரத்துப் பயிற்சியைத் திறந்து பாருங்கள். காணொளியில் சொன்ன வாக்கியத்தையே நாலு விடைகளில் ஒன்றாக வைத்துக் கேட்டிருந்தால், அந்தப் பாடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.