நிலா பிறந்த மோதல்: எந்தக் கணக்கு இடிக்கிறது?

சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் இளம் பூமியின் மேல் இன்னொரு கோள் வந்து மோதியது, தெறித்த பாறையிலிருந்து நிலா உருவானது என்று 1975இல் வில்லியம் ஹார்ட்மனும் டொனால்ட் டேவிஸும் எழுதினார்கள். 1984இல் ஹவாயின் கோனாவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு பெரும்பாலானோர் அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். மோதல் நடந்ததா என்பதில் இன்று பெரிய தகராறு இல்லை. அது எப்படிப்பட்ட மோதல் என்பதில்தான் போட்டி.

முதலில் பழைய கணக்கு. மோதிய கோளின் பெயர் தியா. அளவு ஏறக்குறைய செவ்வாய். மோதல் சாய்வாக, சுமார் 45 டிகிரியில். ராபின் கேனப்பும் எரிக் ஆஸ்ஃபாக்கும் 2001இல் இதைக் கணினியில் ஓட்டிக் காட்டினார்கள். இரண்டு விஷயங்கள் இதில் அழகாகப் பொருந்துகின்றன. தியாவின் இரும்பு உள்ளகம் பூமிக்குள் புதைந்துவிடுகிறது. அதனால் நிலாவில் இரும்பு குறைவு. பூமியின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளகம், நிலாவிலோ ஒன்றிரண்டு சதவீதம்தான். பூமியும் நிலாவும் இன்று சேர்ந்து சுமக்கும் கோண உந்தமும் (அவற்றின் மொத்தச் சுழற்சியின் அளவு) கணக்கோடு ஒத்துப்போகிறது.

இடிப்பது வேதியியலில். இந்தக் கணக்குப்படி நிலாவின் பெரும்பகுதி, முக்கால் பங்கு அளவுக்கு, தியாவின் பொருளாக இருக்க வேண்டும். ஆனால் அப்போலோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோ கற்களில் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களின் விகிதம்) பூமியுடையதைப் போலவே இருக்கிறது. செவ்வாயிலிருந்து வந்த விண்கற்களை இதே அளவீட்டில் எளிதாகப் பிரித்துவிடலாம். நிலாக் கல்லைப் பிரிப்பது படாத பாடு. தியா நமக்குப் பக்கத்திலேயே பிறந்தது, அதனால் ஆக்சிஜன் ஒத்துப்போகிறது என்று சமாதானம் சொல்லலாம். ஆக்சிஜனுக்குச் சரி, டங்ஸ்டனுக்கு? ஒரு கோளின் உள்ளகம் எப்போது, எப்படிப் பிரிந்தது என்பதைப் பொறுத்து டங்ஸ்டன் விகிதம் மாறும். பக்கத்து வீட்டில் பிறந்தால் மட்டும் அது ஒன்றாகிவிடாது.

2012இல் இரண்டு மாற்றுகள் ஒன்றாக வந்தன. மாத்தியா சூக், சாரா ஸ்டூவர்ட் இருவரும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சுழன்ற பூமியின் மேல் சிறிய கோள் ஒன்றை வேகமாக மோதவிட்டார்கள். கேனப்போ ஏறக்குறைய சம எடையுள்ள இரண்டு கோள்களை மோதவிட்டார். இரண்டிலும் பொருள் நன்றாகக் கலக்கிறது, ஐசோடோப்பு பிரச்சினை தீர்கிறது. பதிலுக்குக் கோண உந்தம் இன்றுள்ளதைப் போல இரண்டு மடங்கு, அதற்கும் மேல் எகிறிவிடுகிறது. உபரியைச் சூரியனின் ஈர்ப்பு மெல்ல உறிஞ்சிக்கொண்டது என்கிறார்கள். நடக்கலாம், ஆனால் அதற்குப் பல நிபந்தனைகள் ஒருசேரக் கூடிவர வேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கியதாகவே எனக்குப் படுகிறது.

சைமன் லாக், ஸ்டூவர்ட் குழு 2018இல் சொன்ன சைனஸ்டியாவுக்கும் அதே கடன் உண்டு. மோதலில் பூமி பாறை ஆவியாக ஊதிப் பெருக, அந்த ஆவிக்குள்ளேயே நிலா திரண்டது என்பது இதன் சாரம். நிலாவில் சோடியம், பொட்டாசியம் போன்றவை ஏன் குறைவு என்பதை இதைப் போல நன்றாக விளக்கும் கணக்குகள் குறைவு. சுமார் இருபது சிறு மோதல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி நிலா என்று இஸ்ரேலின் ரலூகா ரூஃபு குழு 2017இல் சொன்னதும் உண்டு. அத்தனை குட்டிகளும் தொலைந்துபோகாமல் ஒன்றுசேர வேண்டுமே என்பதுதான் என் தயக்கம்.

என் ஓட்டு 2022இல் டர்ஹம் பல்கலைக்கழகத்தின் ஜேக்கப் கெகெரைஸ் குழு தந்த கணக்குக்கு. மோதல் பழைய பாணிதான், ஆனால் சிமுலேஷனில் 10 கோடி துகள்கள். அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தபோது, தெறித்த பொருள் வட்டுப்போலப் பூமியைச் சுற்றிப் பிறகு திரளாமல், சில மணி நேரத்திலேயே நிலா நேரடியாக உருவாகிவிட்டது. அதன் மேலடுக்குகளில் சுமார் 60 சதவீதம் பூமியின் பொருள். உள்ளே போகப் போக தியா அதிகம். முழு ஒற்றுமைக்கு 60 போதாதுதான். ஆனாலும் நாம் ஆராய்ந்த கற்கள் பெரும்பாலும் மேலடுக்கிலிருந்து வந்தவை. 2020இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தினர், ஆழத்திலிருந்து வந்த நிலா மாதிரிகளின் ஆக்சிஜன்தான் பூமியிலிருந்து அதிகம் விலகியிருக்கிறது என்று கண்டார்கள். அது இந்தக் கணக்கோடு சேர்கிறது.

இடையில் ஒன்று. சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி தென்துருவப் பக்கம் அளந்த மண், நிலா ஒருகாலத்தில் பாறைக்குழம்புக் கடலாக இருந்ததை உறுதிப்படுத்துகிறது என்று 2024இல் வெளியானது. நல்ல அளவீடு, ஆனால் இந்தப் போட்டியில் அது யாருக்கும் ஓட்டுப் போடாது. இங்கே பேசிய பெரிய மோதல்கள் எல்லாவற்றிலும் நிலா கொதித்தபடிதான் பிறக்கிறது.

தீர்ப்பு சொல்லக்கூடியவை ஆழத்துக் கற்கள். 2024இல் சீனாவின் சாங்'இ-6 விண்கலம் நிலாவின் மறுபக்கத்திலுள்ள மாபெரும் தென்துருவ-எய்ட்கன் பள்ளத்திலிருந்து 1.9 கிலோ கொண்டுவந்தது. மேலோட்டுக்கு அடியிலுள்ள பாறை அடுக்கான மேன்டிலைத் தேடத் தோதான இடம் அது. அங்கிருந்து வரும் மேன்டில் துண்டுகளின் ஆக்சிஜனும் மேற்பரப்பைப் போலவே அச்சாக இருந்தால், என் ஓட்டை சைனஸ்டியாவுக்கு மாற்றிப் போடுவேன்.