தாமான் பிரச்சினையை எங்கே பேசுவது? வாட்ஸ்அப், ருக்குன் தெத்தாங்கா, குடியிருப்பாளர் சங்கம், திறந்த அரங்கு: ஓர் ஒப்பீடு

தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) லோங்காங், அதாவது வடிகால், அடைத்துக்கொண்டால் யாரிடம் சொல்வது? கோலாலம்பூரில் ஒரு பதில், பினாங்கில் வேறு பதில். மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. 1976 ஊராட்சிச் சட்டத்தின் 15ஆவது பிரிவு அதை அடியோடு எடுத்துவிட்டது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணைக் குழு தேர்தல் வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை. டி.எஸ். ராமநாதன் பினாங்கு ஜோர்ஜ்டவுனின் முதல் மேயராக இருந்த ஊரில் இன்று மன்ற உறுப்பினர்கள் எல்லாரும் நியமனம். ஓட்டு இல்லாத இடத்தில் குடியிருப்பாளர் கூடிப் பேசும் இடம் சரியாக அமையாவிட்டால் வேறு வழியே கிடையாது.

பினாங்கில் தீவுக்கு ஒன்று, செபராங் பிறைக்கு ஒன்று என இரண்டு மாநகர் மன்றங்கள். சட்டப்படி ஒரு மன்றத்தில் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். மன்றத்தின் முழுக் கூட்டம், மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் தவிர, பொதுமக்களுக்குத் திறந்தது என்கிறது 23ஆவது பிரிவு. உட்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. கோலாலம்பூரிலோ மன்ற உறுப்பினர் என்ற ஆளே இல்லை. அதிகாரம் டத்தோ பண்டாரிடம் (மேயரிடம்), பக்கத்தில் ஓர் ஆலோசனை வாரியம். ஆகவே பினாங்கு அரங்குக்கு உறுப்பினரை அழைக்கலாம், கோலாலம்பூரில் துறை பார்த்து அதிகாரியை அழைக்க வேண்டும். குப்பைக்கும் அப்படித்தான்: கோலாலம்பூரில் ஆலம் ஃபுளோரா நிறுவனம் அள்ளுகிறது, திடக்கழிவுக் கழகமான எஸ்.டபிள்யூ. கார்ப் மேற்பார்க்கிறது. பினாங்கில் மன்றமே பொறுப்பு. சாக்கடைக் கழிவுக் குழாய் என்றால் இண்டா வாட்டர், ஆறு என்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகா. தப்பான ஆளை அழைத்ததாலேயே பாதிக் கூட்டங்கள் வீணாகின்றன.

வாட்ஸ்அப் குழுவின் வேகத்துக்கு ஈடில்லை. நடுராத்திரி மரம் விழுந்தால் ஐந்து நிமிடத்தில் தாமானே விழித்துக்கொள்ளும். ஆனால் குழுவில் எழுதியது புகார் ஆகாது. மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது புதைந்துவிடும். அட்மின் ஒரு கட்சிக்காரர் என்று தெரிந்த நாளிலிருந்து பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள். குழுவை அறிவிப்புக்கும் ஆதாரம் சேர்க்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ‘லோங்காங் நாறுது, யாராவது பாருங்க’ என்பதை வைத்து எந்த அதிகாரியும் ஆள் அனுப்ப முடியாது. ‘லோரோங் 4, எண் 27 வீட்டுக்கு எதிரே. மழை விட்டு 3 மணி நேரமாகியும் தண்ணீர் வடியவில்லை. கொங்கிரீட் மூடி உடைந்து உள்ளே விழுந்து கிடக்கிறது. பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண் படத்தில் தெரிகிறது’ என்றால் ஆள் நேரே அந்த இடத்துக்கே வரலாம்.

ருக்குன் தெத்தாங்கா, அதாவது அரசின் அண்டை அயலார் அமைப்பு, 1975-இல் தொடங்கியது. இப்போது அதற்கு 2012-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இரவு ரோந்து, அண்டை அயலார் ஒற்றுமை, கொத்தோங் ரோயோங் (கூட்டு உழைப்பு) இதற்கெல்லாம் இதைவிட நல்ல அமைப்பு இல்லை. ஆனால் அது ஒற்றுமைத் துறையின் கீழ் வருவது. அரசின் வேறொரு பிரிவை எதிர்த்துக் கடிதம் போடும் பொறுப்பை அதன் தலையில் கட்டுவது நியாயமல்ல. மண்டபம் கேட்கலாம், நாற்காலி கேட்கலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் ‘ஆண்டுக் கூட்டம் இருக்கிறதே’ என்பார்கள். 2013 அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அது உரிமையாளர்களின் கூட்டம். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னால் பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் ஓட்டு இல்லை, வாடகைக்கு இருப்பவருக்கு எப்போதும் இல்லை. மாதம் 124 ரிங்கிட் வாடகை கட்டும் பிபிஆர் (அரசு மக்கள் வீடமைப்பு) குடும்பங்களுக்கு அந்தக் கதவே கிடையாது. அடைத்த லோங்காங்கால் வீட்டுக்குள் வரும் தண்ணீர் சொந்த வீடு, வாடகை வீடு என்று பார்ப்பதில்லை. உள்விவகாரங்களான லிஃப்ட், கார் நிறுத்தம், ஒதுக்கு நிதிக்கு மட்டும் அந்தக் கூட்டம் போதும்.

மிச்சம் இருப்பவை இரண்டு: பதிவு பெற்ற குடியிருப்பாளர் சங்கம், யார் வேண்டுமானாலும் வந்து பேசும் திறந்த அரங்கு. எங்கள் கணிப்பில் இவற்றுள் ஒன்றைத் தேர்வதே தவறு, சங்கம்தான் அரங்கை நடத்த வேண்டும்.

சங்கத்துக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். 1966 சங்கச் சட்டத்தின் கீழ் சங்கப் பதிவிலாகாவில் பதிய வேண்டும். இதனால் கிடைப்பது கடிதத் தாளில் ஒரு பெயர், வங்கிக் கணக்கு, தொடர்ச்சி. பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்: ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்ப மறப்பது. இரண்டு வருடம் விட்டால் பதிவுக்கே ஆபத்து. பழைய பொருளாளர் வீடு மாறிப் போயிருப்பார், காசோலையில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.

அரங்கில்தான் உண்மையான வேலை நடக்கிறது. இடத்திலிருந்து தொடங்குங்கள். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் வேண்டாம், எதிர்க்கட்சிக்காரர் வர மாட்டார். கோயில் மண்டபம் நமக்கு வசதிதான், ஆனால் மலாய், சீன அண்டை வீட்டார் தயங்குவார்கள். புளோக்குக்குக் கீழே இருக்கும் திறந்த தளமோ பொது மண்டபமோ நல்லது. இரவு 8.45-க்குத் தொடங்கினால் தொழுகை முடித்தவர்களும் வேலையிலிருந்து வந்தவர்களும் சேர்ந்துகொள்வார்கள். 90 நிமிடம், 3 பிரச்சினை, அதற்கு மேல் வேண்டாம். முதல் 20 நிமிடம் போன கூட்டத்தின் பாக்கிப் பட்டியலுக்கு. ஒருவருக்கு 2 நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் மணி. நடத்துநர் பக்கத்துத் தாமான்காரராக இருந்தால் சண்டை குறையும். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் நடத்தக் கூடாது. அரசியல்வாதி வந்தால் முன்வரிசை மேடை கிடையாது, மற்றவர்களோடு உட்கார்ந்து கடைசி 5 நிமிடத்தில் பதில் சொல்லலாம். தேர்தல் பிரசார காலத்தில் அரங்கே வேண்டாம்.

அதிகாரிக்கு 3 வாரம் முன்பே மலாயில் கடிதம், கேள்விகளையும் இணைத்து. ‘உள்ளூர் மேம்பாடு’ என்று பொதுவாக அழைத்தால் ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்ற பதில்தான் கிடைக்கும். ‘இந்தச் சாலையின் வடிகாலைக் கடைசியாகத் தூர்வாரிய தேதி எது, அடுத்தது எப்போது’ என்று கேட்டால் பொறியாளர் கோப்போடு வருவார்.

மொழி இன்னொரு சிக்கல். தமிழில் மட்டும் பேசும் பாட்டி எழுந்து சொன்னதை நடத்துநர் மலாயில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அவரிடமே ‘சரியாச் சொன்னேனா பாட்டி?’ என்று கேட்க வேண்டும். அவர் தலையாட்டிய பிறகுதான் அறிக்கையில் எழுத வேண்டும். இந்த அரை நிமிடத்தை மிச்சப்படுத்தினால் அடுத்த கூட்டத்துக்கு அவர் வர மாட்டார்.

அரங்கில் தீர்மானம் போடாதீர்கள். வந்த 40 பேர் 600 வீட்டுக்குப் பிரதிநிதி அல்ல. கடிதத்தில் ‘வந்த 40 பேரில் 31 பேர் எதிர்த்தனர், எதிர்க்காத 9 பேரின் காரணம் இது’ என்று எழுதினால் அதை யாராலும் தட்டிக்கழிக்க முடியாது. கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலின் ரிம்பா கியாரா பூங்கா விவகாரத்தை எண்ணிப் பாருங்கள். குடியிருப்பாளர் தரப்பு வென்றது; மேம்பாட்டு அனுமதி ரத்தானதை 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. வழக்கின் பெயரிலேயே ஒரு கொண்டோவின் நிர்வாகக் கழகம் இருக்கிறது, பெயருள்ள அமைப்பு எதற்கு என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அதே திட்டத்தில், பல்லாண்டுகளாக நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்த முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் இருந்தன. அப்படி இரண்டு நியாயம் மோதும்போது இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் உட்காரத்தான் அரங்கு.

ஒரு பொறி மட்டும் உண்டு. பினாங்கில் உள்ளூர்த் திட்டம் (நிலப் பயன்பாட்டுத் திட்டம்) நடப்பில் இல்லாத இடத்தில் மேம்பாட்டுக்கு யாராவது விண்ணப்பித்தால், 1976 நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி பக்கத்து நில உரிமையாளருக்கு அறிவிப்பு வரும். ஆட்சேபிக்க 21 நாள். பக்கத்து நிலம் என்பது ஒட்டிய நிலம், 20 மீட்டர் அகலத்துக்கு மிகாத சாலையோ வடிகாலோ தாண்டிய நிலம், முட்டுச் சந்து என்றால் 200 மீட்டருக்குள் உள்ளவை, அவ்வளவுதான். கடிதம் சிங்கப்பூரில் இருக்கும் உரிமையாளர் பெயருக்குப் போகும், குடியிருப்பவருக்குத் தெரியாது. மாதம் ஒரு முறை கூடும் அரங்கில், கூட்டம் முடிந்த மறுநாள் அறிவிப்பு வந்தால் அடுத்ததற்குள் கெடு போயிருக்கும். எனவே அறிவிப்பு யார் கைக்கு வந்தாலும் அன்றே படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும், 7 நாளுக்குள் அவசர அரங்கு, 14ஆவது நாளுக்குள் கடிதம். கோலாலம்பூருக்கு 1982-ஆம் ஆண்டுத் தனித் திட்டமிடல் சட்டம். பினாங்கின் 21 நாள் கணக்கை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள், அறிவிப்புப் பலகையில் உள்ள தேதியைப் படித்துக் கணக்கிடுங்கள்.

கூட்ட அறிக்கை ஒரே பக்கம்: பிரச்சினை, பொறுப்பான துறையும் பதவியும், சொன்ன தேதி, புகார் எண். மூன்று நாளுக்குள் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். தேதி தாண்டிய வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு அடுத்த கூட்டம் வரை அப்படியே வைத்திருங்கள்.