கறிக்குழம்புக்கு எந்தத் தீட்டாத அரிசி?

தீட்டாத அரிசிக்கு மாறிய வீடுகளில் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு மனத்தாங்கல் வந்துவிடும். கறிக்குழம்பு நன்றாகத்தான் இருக்கிறது, சோறும் பழுதில்லை, ஆனால் பிசைந்தால் இரண்டும் சேர மறுக்கின்றன. காரணம் எளிது. தீட்டிய வெள்ளை அரிசி வெந்ததும் குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். தீட்டாத அரிசியைச் சுற்றித் தவிட்டுத் தோல் இருப்பதால் குழம்பு சோற்றின் மேலேயே நின்றுவிடுகிறது, அல்லது இலையின் ஓரத்துக்கு ஓடிவிடுகிறது. எனவே எந்த அரிசியில் சத்து அதிகம் என்ற வழக்கமான விவாதத்தை நான் இங்கே தொடவில்லை. எந்த அரிசி எந்தக் குழம்பை ஏற்கும் என்பதுதான் என் கேள்வி.

முதலில் கைக்குத்தல் பொன்னிப் புழுங்கல். பெயரில்தான் கைக்குத்தல், இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை உலக்கையைப் பார்க்காதவை, உமியை மட்டும் நீக்கும் ஆலையில் அரைத்தவை. அதனால் குறையொன்றும் இல்லை. ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்துக் குக்கரில் நாலைந்து விசில் விட்டால் போதும். வெந்த பருக்கை ஒரு பக்கம் வெடித்துத் திறந்திருக்கும். அந்த வெடிப்புக்குள் குழம்பு இறங்குவதால், நீர்க்க வைத்த எலும்புக் குழம்பைக்கூட இது ஏற்றுக்கொள்கிறது. மதுரைப் பக்கத்துச் சீரகமும் மிளகும் தூக்கலான குழம்பு, கொங்குப் பக்கம் சின்ன வெங்காயமும் கொத்தமல்லியும் வறுத்தரைத்து வைக்கும் குழம்பு, இரண்டுக்கும் ஒத்துப்போகும். பழக்கமில்லாத விருந்தாளிக்குப் பரிமாறினால் அரிசி மாறியதை அவர் பெரிதாகக் கவனிக்கவும் மாட்டார். தனக்கென்று சொல்லிக்கொள்ளப் பெரிய ருசி இல்லாததே இதன் குறை.

மாப்பிள்ளைச் சம்பா அப்படியல்ல, தன் ருசியைச் சொல்லாமல் விடாது. இளவட்டக்கல் தூக்க வேண்டிய மாப்பிள்ளைக்குச் சமைத்துப் போட்ட அரிசி என்று ஊரெல்லாம் சொல்லும் கதை இருக்கட்டும். வயலில் ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும் இந்த நெல் அடுப்பிலும் அதே நிதானத்தைக் கேட்கிறது. நெல் ஜெயராமனைப் போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடி மீட்டுப் பரப்பிய பாரம்பரிய ரகங்களில் இன்று கடைகளில் எளிதாகக் கிடைப்பவற்றுள் இதுவும் ஒன்று. பச்சரிசியாக வாங்கினால் முதல் நாள் இரவே ஊறப்போட்டுவிட வேண்டும். தண்ணீர் நான்கு பங்கு. ஆவி தானாக அடங்கிய பின் ஒரு பருக்கையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள்: நடுவில் வெள்ளையாக ஒரு கெட்டிப் புள்ளி தட்டுப்பட்டால் இன்னும் இரண்டு விசில் வேண்டும். அவசரப்பட்டு இறக்கிய மாப்பிள்ளைச் சம்பாவோடு ஆட்டுக்கறியையும் சேர்த்து மெல்ல நேர்ந்தால், எலும்பைக் கடிப்பதா சோற்றைக் கடிப்பதா என்று தாடைக்கே சந்தேகம் வந்துவிடும்.

நன்றாக வெந்துவிட்டாலோ, அதன் தவிட்டு மணமும் லேசான இனிப்பும் ஆட்டுக் கொழுப்போடு சேர்வது வேறெந்த அரிசிக்கும் வாய்க்காதது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நீர்க்குழம்பு இதனிடம் தோற்றுப்போகும். வெங்காயத்தைப் பாதி வதக்கி அரைத்துச் சேர்த்து, தேங்காயோடு கசகசாவும் அரைத்து ஊற்றி, கரண்டியின் முதுகில் படியும் பதத்தில் குழம்பை இறக்க வேண்டும். வழக்கத்தைவிட ஒரு தக்காளியும் சிட்டிகை உப்பும் கூடுதலாக விழலாம். இந்த அரிசி இரண்டையும் விழுங்கிவிடுகிறது. கல்பாசியும் மராட்டி மொக்கும் போட்ட செட்டிநாட்டுக் குழம்பு இதற்கு நல்ல ஜோடி.

மட்டை அரிசிக்கு வேறு முறை. பாலக்காட்டு மட்டைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் குமரி மாவட்டத்திலும் இதைப் போன்ற சிவந்த தடித்த அரிசிதான் பல வீடுகளின் அன்றாடச் சோறு. இதைக் குக்கரில் அடைக்காமல், நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தால்தான் அழகு. தடித்த பருக்கைகள் குழையாமல் உருண்டு நிற்கும். தேங்காயைச் சிவக்க வறுத்து, எண்ணெய் கசியும் வரை அரைத்து வைத்த கறிக்குழம்புக்கு இதைவிடப் பொருத்தமான சோறு எனக்குத் தெரியாது. அந்த வறுத்த தேங்காய் விழுது ஒவ்வொரு பருக்கையிலும் ஒட்டிக்கொள்கிறது. தேங்காய் இல்லாத குழம்போடு சாப்பிட்டால் பாதி சுவைதான்.

கருப்புக் கவுனியைக் கறிக்குழம்போடு வைப்பது எனக்கு ஒப்பவில்லை. காரைக்குடிப் பக்கத்துக் கல்யாணங்களில் சர்க்கரையும் தேங்காயும் சேர்த்து இனிப்பாகப் பரிமாறப்படும் அரிசி அது. ஒட்டும் தன்மை கொண்டது, குழம்பின் நிறத்தையும் கருநீலமாக்கிவிடுகிறது. கட்டாயம் செய்துதான் ஆக வேண்டும் என்றால் உலர்ந்த சுக்காவோடு நிறுத்திக்கொள்ளலாம். காட்டுயானம் என்ற பாரம்பரியச் சிவப்பு அரிசியும் கஞ்சிக்கே நல்லது.

இந்த அரிசிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சங்கடம், தவிட்டில் எண்ணெய் இருப்பது. நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். அந்த வாடையை எந்த மசாலாவும் மறைக்காது, நல்ல கறியும் கெட்டதாகத் தோன்றும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டையாக வாங்காமல், ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, கழுவும் முன் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். இந்த விஷயத்தில் புழுங்கல் ரகங்கள் பச்சரிசியைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், பல் முளைக்கும் பிள்ளையும் பல் போன பெரியவரும் ஒரே பந்தியில் உட்காரும் வீட்டுக்குப் பொன்னி. தேங்காய்க் குழம்பு வைக்கும் நாளுக்கு மட்டை. இரவே ஊறவைக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு மாப்பிள்ளைச் சம்பா. என் ஓட்டும் அதற்குத்தான். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலை சுண்டிய கறிக்குழம்போடு சாப்பிடும்போது மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ருசி பழகுவதற்காக வெள்ளை அரிசியோடு கலக்க நினைப்பவர்கள் இரண்டையும் ஒரே குக்கரில் போட வேண்டாம். சம்பா வேகும் நேரத்தில் வெள்ளை அரிசி கூழாகிவிடும். தனித்தனியே வடித்து, பரிமாறும்போது கலந்துகொள்ளுங்கள்.