தேய்ந்த பென்னியில் எது வாங்கலாம்: சக்கரமா, கொண்டையா?

1797-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மாத்யூ போல்டன் நீராவி இயந்திரத்தில் அடித்த செம்புப் பென்னிக்கு 'வண்டிச்சக்கரம்' என்று பெயர். ஒரு அவுன்ஸ் எடை, அதாவது சுமார் 28 கிராம். கையில் வைத்தாலே தெரியும். எழுத்துகள் அகலமான விளிம்பில் பள்ளமாக இருப்பதால், அரசர் முகம் மழுங்கினாலும் அவை பெரும்பாலும் தங்கிவிடும். இந்தப் பென்னிகள் எல்லாவற்றிலும் ஆண்டு 1797 ஒன்றேதான், அதனால் தேய்மானம் பெரிய இழப்பில்லை.

விக்டோரியாவின் கொண்டைத் தலைப் பென்னி (1860–1894) வெண்கலம். எடை வெறும் 9.4 கிராம். 1971 வரை செல்லுபடியானதால் பல காசுகள் வழுவழு தகடாகிவிட்டன. இதில் ஆண்டுதான் உயிர். பின்பக்கத்தில் பிரிட்டனின் உருவகமாக அமர்ந்திருக்கும் பிரிட்டானியா என்ற பெண்ணுக்குக் கீழே 1869 என்று மங்கலாகத் தெரிந்தால்கூட மதிப்பு உண்டு. அது அரிய ஆண்டு. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள், இலக்கம் நிழலில் எழும். பளபளப்புக்காகப் புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள்!

ஒன்று போதும் என்றால் சக்கரம். ஆண்டு ஆண்டாகத் தேடிச் சேர்க்கும் பைத்தியம் பிடித்தவர்களுக்குக் கொண்டை. சரி, நான் இரண்டாவது ரகம்.