அரைவினை முறை: நெடுநாள் பழகியும் தீராத ஒரு எரிச்சல்

"அணுவும் சரி, மின்சுமையும் சரி. அப்புறம் எப்படி இது தப்பாகும்?" ட்யூஷன் எடுக்கும் நண்பர் ஒருவரின் கேள்வி. அவர் நோட்டில் சமன்செய்து எழுதியிருந்த வேதிச் சமன்பாடு:

2 பெர்மாங்கனேட் + 1 ஹைட்ரஜன் பெராக்சைடு + 6 ஹைட்ரஜன் அயனி → 2 மாங்கனீசு(+2) அயனி + 3 ஆக்சிஜன் + 4 நீர்

எண்ணிப் பாருங்கள். இருபுறமும் ஆக்சிஜன் 10, ஹைட்ரஜன் 8, மின்சுமை +4. குறை சொல்ல இடமே இல்லை. ஆனால் தப்பு.

அயனி-எலக்ட்ரான் முறை என்கிற அரைவினை முறை, அதாவது எலக்ட்ரான் வாங்கும் பாதியையும் விடும் பாதியையும் தனித்தனியே எழுதிச் சமன்செய்து சேர்ப்பது, இங்கேதான் தன் மதிப்பைக் காட்டும். பெர்மாங்கனேட் 8 ஹைட்ரஜன் அயனியோடு 5 எலக்ட்ரான் வாங்குகிறது. பெராக்சைடு 2 எலக்ட்ரானும் 2 ஹைட்ரஜன் அயனியும் விட்டு ஆக்சிஜனாகிறது. முதலாவதை 2 ஆலும் அடுத்ததை 5 ஆலும் பெருக்கினால் எலக்ட்ரான் பத்துக்குப் பத்து. 16 ஹைட்ரஜன் அயனியில் 10 கழிந்து 6 மிச்சம். விடை 2 : 5, எதிர்ப்பக்கம் 5 ஆக்சிஜன், 8 நீர். நண்பரின் கணக்கில் பெர்மாங்கனேட்டுக்குத் தேவை 10 எலக்ட்ரான், ஒற்றைப் பெராக்சைடு தருவதோ 2. மீதி எட்டை யார் கொடுப்பது?

பெராக்சைடு தானாகவே நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையக்கூடியது. அந்தச் சிதைவை எத்தனை மடங்கு கூட்டினாலும் கழித்தாலும் அணுக்கணக்கு இடிக்காது. நண்பர் எழுதியது, சரியான சமன்பாட்டில் இரண்டு மடங்கு சிதைவைக் கழித்தது, அவ்வளவே. கண்ணால் பார்த்துச் சமன்செய்பவர்கள் இப்படி எத்தனை 'சரியான' விடை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் பியூரெட் (சொட்டுச் சொட்டாக அளந்து விடும் ஆய்வகக் குழாய்) அவற்றில் ஒரே ஒரு விடையைத்தான் ஒத்துக்கொள்ளும்: 0.05 மோலார் பெராக்சைடு 20 மி.லி. எடுத்தால் 0.02 மோலார் பெர்மாங்கனேட் 20 மி.லி.யில் வினை முடிந்து இளஞ்சிவப்பு நிற்கும். நண்பரின் 2 : 1 படி 100 மி.லி. வேண்டும். 50 மி.லி. பியூரெட்டை இரண்டு தரம் நிரப்ப வேண்டியிருக்கும்.

அமிலம் குறைந்தால் அந்தச் சிதைவு குடுவைக்குள்ளேயே நடக்கும் என்பதுதான் வேடிக்கை. நீர்த்த கந்தக அமிலத்தில் கஞ்சத்தனம் காட்டினால் பழுப்பாக மாங்கனீசு டைஆக்சைடு வரும். பெர்மாங்கனேட் வாங்குவது 5 எலக்ட்ரானிலிருந்து 3 ஆகிறது, போதாததற்கு அந்தப் பழுப்பே பெராக்சைடின் சிதைவுக்கு வினையூக்கி. பிறகு வரும் அளவீட்டுக்கு எந்த விகிதமும் பொருந்தாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றலாமா என்றால் கூடாது, பெர்மாங்கனேட் குளோரைடையும் தின்னும்.

இனி எரிச்சல். கார ஊடகம். எத்தனை தரம் சொன்னாலும் முதல் வரியிலேயே ஹைட்ராக்சைடைப் போட்டு, நீரை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் தாளைக் கிழிப்பார்கள். அமில ஊடகம் என்றே நினைத்து முடித்துவிட்டு, எத்தனை ஹைட்ரஜன் அயனியோ அத்தனை ஹைட்ராக்சைடை இருபுறமும் சேர்த்தால் போதும். 2 பெர்மாங்கனேட், 3 சல்ஃபைட் வினையில் இடப்பக்கம் 2 ஹைட்ரஜன் அயனி, வலப்பக்கம் 1 நீர் வரும். இரண்டிரண்டு ஹைட்ராக்சைடு சேர்த்தால் ஹைட்ரஜன் அயனி நீராகிவிடும்; இருபுறமும் பொதுவான 1 நீரை அடித்தால் இடப்பக்கம் 1 நீர், வலப்பக்கம் 2 ஹைட்ராக்சைடு. முடிந்தது. இந்த ஒரு படியைப் பாடம் எடுப்பவர்களே தாண்டிப் போவதுதான் ஆத்திரம்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டுச் சொல்கிறேன்: மோல் விகிதம் மட்டும் வேண்டும் என்றால் அரைவினையை முழுசாக எழுதுவது வீண் வேலை. டைட்ரேஷன் (பியூரெட்டால் அளந்து செறிவு காணும்) கணக்குக்கு நீரும் ஹைட்ரஜன் அயனியும் எதற்கு? ஒரு மூலக்கூறு எத்தனை எலக்ட்ரான் தருகிறது, வாங்குகிறது என்று மட்டும் பார்த்து, ஒன்றின் எண்ணை மற்றதன் முன் குறுக்கே மாற்றிப்போடுங்கள். ஒரு இடத்தில் மட்டும் கவனம், எண்ணுவது அணுவுக்கு அல்ல, மூலக்கூறுக்கு. பெர்மாங்கனேட்டோடு வினைபுரியும் ஆக்சாலிக் அமிலத்தில் கார்பனின் ஆக்சிஜனேற்ற எண் +3 இலிருந்து +4, அதாவது அணுவுக்கு 1 எலக்ட்ரான், ஆனால் கார்பன் இரண்டு. அதை மறந்தால் 2 : 5 க்குப் பதில் 1 : 5 வரும், அமிலத்தின் செறிவு இரண்டு மடங்காகத் தெரியும். டைகுரோமேட்டிலும் குரோமியம் இரண்டு, ஆகவே இரும்பு(+2) அயனியோடு 1 : 6. தயோசல்ஃபேட் டெட்ராதயோனேட்டாகும்போது கந்தகம் +2 இலிருந்து +2.5 என்று அரை எண் வந்து நிற்கும். அந்த ஒன்றுக்கு மட்டும் பழைய அரைவினைக்கே திரும்புங்கள்: 2 தயோசல்ஃபேட், 2 எலக்ட்ரான், 1 அயோடின்.